சாவடியில் சர்பத் கொடுத்தவள்

சிட்னியிலும் மெல்பேர்னிலும் அகதிகளுக்கு உதவும் வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். "பாரமா வேண்டாம் அன்ரி, கொஞ்சம் உற்சாகமா எழுதுங்கோ" என்று வேறு ஒரு கட்டளை. வாழ்க்கையில் பாதியை இந்த வேலையில் கழித்தவளிடம் வந்து பாரமில்லாத கதை கேட்டால் நான் எங்கே போவேன்? இருக்கிறதைத்தான் தர முடியும்.

விண்ணப்பம் நிரப்புவது, வீடு தேடிக் கொடுப்பது, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது எல்லாம் உங்களுக்கு என்னைவிட வேகமாக வரும். அதற்கு நான் தேவையில்லை. அடுத்த நிமிடம் என்ன செய்வது என்று தெரியாமல் கையில் போனோடு நிற்கிற நேரம் ஒன்று உங்களுக்கு வரும். எனக்கு வந்த அப்படியொரு பகலைப் பற்றிச் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. நான் மட்டக்களப்புக்காரி. இந்தியப் படை எங்கள் ஊரை விட்டுப் போனபோது அங்கேதான் இருந்தேன். இருந்த காலத்தில் அவர்களைத் திட்டாத நாளில்லை. போன பிறகு முகாம் வாசலில் யாரும் இல்லாமல் கிடந்ததைப் பார்த்துவிட்டு வந்து வீட்டுக் கதவைச் சாத்தினோம். அதுவரை ஒரே கடையில் பாண் வாங்கிய தமிழரும் முஸ்லிம்களும் அதற்குப் பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கப் பயந்தோம். அந்நியப் படை வெளியேறுவது என்றால் செய்தியில் விமானம் ஏறுவதைத்தான் காட்டுவார்கள். இந்தப் பக்கம் சந்தியில் இனி யார் நிற்பான், அவன் யாரை மறிப்பான் என்று சனம் யோசித்துக்கொண்டிருக்கும்.

ஆப்கானிஸ்தானை விட்டு எல்லாப் படைகளும் கிளம்பிய அந்த ஆகஸ்ட் மாதம், நாங்கள் மெல்பேர்னில் வீட்டுக்குள் பூட்டுண்டு கிடந்தோம். கொரோனா ஊரடங்கு. அலுவலகம் என்பது நோபல் பார்க் என்ற புறநகரில் என் வீட்டுக் குசினி மேசை. காலையில் போனை எடுத்தால் வைக்க முடியாது. டண்டினோங் பக்கம் ஹசாரா மக்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அவர்கள் ஷியா முஸ்லிம்கள். காபூலுக்குள் புதிதாகத் துவக்கோடு வந்தவர்களோ ஷியாக்களை முஸ்லிம்களாகவே எண்ணாதவர்கள். முன்பு ஒருமுறை அவர்கள் ஆண்ட காலத்தில் நடந்த கொலைகளை மறந்த ஹசாராக் குடும்பம் ஒன்றுகூட எனக்குத் தெரியாது.

ரெசா அவர்களில் ஒருவன். பெயரை மாற்றியிருக்கிறேன். வீடுகளுக்குத் தரையில் டைல்ஸ் பதிக்கிற வேலை. என் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தான். மனைவி மாசூமா, ஒரு மகள், ஒரு மகன், மூன்று பேரும் காபூலின் மேற்குப் பக்கத்தில், ஹசாராக்கள் நெருக்கமாக வாழும் பகுதியில். மகன் அவன் இங்கே வந்த பிறகு பிறந்தவன், அவனைக் கையில் தூக்கியதே இல்லை. அந்த வாரம்தான் அவர்கள் மூவருக்கும் அவசர வீசா கிடைத்திருந்தது. விமான நிலைய வாசலுக்கு வந்து சேருங்கள், அதுவரைக்கும் உங்களுக்கு நாங்கள் பொறுப்பில்லை என்பதுதான் அந்தச் செய்தியின் சாரம். அதுவரைக்கும் என்பதற்குள் ஒரு முழு நகரம் இருந்தது.

அவர்களுடைய பகுதியை விட்டு வெளியே வர இரண்டு சோதனைச் சாவடிகளை, எங்கள் ஊர்ப் பேச்சில் சென்ரிகளை, கடக்க வேண்டும். இரண்டிலும் புதியவர்கள் நின்றார்கள். ஆண் துணை இல்லாமல் பிள்ளைகளோடும் பையோடும் வருகிற பெண்ணைப் பார்த்ததும் ஓடப் போகிறாள் என்று பிடித்துக்கொள்வார்கள். சிலரைத் திருப்பி அனுப்பினார்கள். சிலர் வீட்டுக்கும் வரவில்லை, விமான நிலையத்துக்கும் போகவில்லை.

ஒரு நாள் மதியம் ரெசா போன் எடுத்தான். குரலே சரியில்லை. "பார்க்குக்கு வர முடியுமா?" என்றான். உடற்பயிற்சிக்கு இன்னொருவரோடு சேர்ந்து நடக்கலாம் என்று சட்டத்தில் ஓர் ஓட்டை இருந்தது. முகக்கவசத்தைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். என் மனிசன் கேட்டார்: "எங்க போறீர் இந்தக் குளிருக்க?"

"உடற்பயிற்சிக்கு."

"நீர்?" என்றார். கலியாணம் கட்டிய நாளிலிருந்து நான் உடற்பயிற்சி செய்து அவர் கண்டதில்லை.

பார்க்கில் ஊஞ்சல்களைச் சுற்றி நாடா கட்டிப் பூட்டியிருந்தார்கள். ரெசா அதைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தான். என்னைக் கண்டதும் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"இண்டைக்கு முஹர்ரம் பத்தாம் நாள், அன்ரி. அவள் இண்டைக்குத்தான் வெளிக்கிடப் போறாளாம்!"

என்னோடு அவன் பேசுவது ஆங்கிலம். மாசூமா பேசுவது அவர்களுடைய மொழி. இரண்டும் என் மனதுக்குள் என்னுடைய தமிழாகத்தான் விழுந்தன. அப்படியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முஹர்ரம் பத்து ஷியாக்களுக்குத் துக்க நாள். கறுப்பு உடுத்துத் தெருவுக்கு வருவார்கள், கூட்டமாக அழுவார்கள். அந்தக் கூட்டங்களில்தான் முந்தைய ஆண்டுகளில் குண்டுகள் வெடித்தன. ரெசாவின் அண்ணன் அப்படியொரு நாளில் செத்தவன். வருடத்தில் எந்த நாளும் போகலாம், இந்த ஒரு நாள் வீட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது அவனுடைய நினைப்பு. உண்மையைச் சொன்னால் என் நினைப்பும் அதுதான்.

"நான் சொன்னாக் கேக்கிறாள் இல்லை. நீங்கள் சொல்லுங்கோ. அரசாங்கம் இண்டைக்கு ஒருத்தரையும் வெளிக்கிட வேண்டாமெண்டு சொன்னது எண்டு சொல்லுங்கோ. ஒஃபிஸ் சொன்னாக் கேப்பாள்."

"அரசாங்கம் அப்படிச் சொல்லேல்லையே, ரெசா."

"எனக்குத் தெரியும். சொல்லுங்கோ."

பிள்ளைகளே, யோசித்துப் பாருங்கள். ஒரு பொய். அதைச் சொன்னால் ஒரு தாயும் இரண்டு பிள்ளைகளும் இன்றைக்கு உயிரோடு வீட்டில் இருப்பார்கள் என்று புருசன்காரன் கையைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சுகிறான். அலுவலகச் சட்டப்படி போ என்றும் சொல்லக்கூடாது, போகாதே என்றும் சொல்லக்கூடாது. சட்டத்தை நீட்டிவிட்டுத் தப்பியிருக்கலாம். அவன் முகத்துக்கு முன்னால் நின்று அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பொய்யும் வரவில்லை.

"முதல்ல அவ என்ன சொல்றா எண்டு கேப்பம்" என்றேன்.

"நான் கேட்டுச் சொல்றன்" என்று அவன் தன் போனை எடுத்தான்.

"நீ வேண்டாம்."

இந்த இடத்தில் எனக்கு முதன்முதலாக வேலை பழக்கிய அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிலி நாட்டிலிருந்து அகதியாக வந்தவர், சிகரெட் மணக்கும், கோபம் மூக்கு நுனியில். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், தாய்க்கு மகனை உரைபெயர்க்க வைத்து ஒரு சந்திப்பை நடத்திக்கொண்டிருந்தேன். வந்து போனைப் பிடுங்கி உரைபெயர்ப்பாளரை அழைத்துக் கையில் தந்தார். "சொந்தக்காரன் தான் கேட்க விரும்புறதைத்தான் உனக்குச் சொல்வான். அன்பாலதான் செய்வான். அதுதான் ஆபத்து" என்றார். அன்றைக்கு அந்த மனிசி மேல் எனக்கு நல்ல ஆத்திரம். பிறகு அந்த ஒரு வழக்கத்தை நான் விட்டதே இல்லை.

அதனால் பார்க்கில் ஆட்கள் இருக்கப் போட்டிருந்த நீள வாங்கில் உட்கார்ந்து, நான் வழமையாகக் கூப்பிடும் உரைபெயர்ப்பாளரை அழைத்தேன். அவரும் ஹசாராப் பெண். மாசூமாவையும் இணைத்து, போனை வாங்கில் வைத்தேன். ரெசா ஒரு முனையில், நான் மறு முனையில். காபூலில் அப்போதுதான் காலை. பின்னால் எங்கோ ஒலிபெருக்கியில் ஓதுகிற சத்தம்.

உரைபெயர்ப்பாளர் பேசுகிறவரின் வாயாகவே பேசுவார். அவள் சொன்னாள் என்று சொல்ல மாட்டார், நான் என்றுதான் சொல்வார். அதனால் மாசூமாவே அருகில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

"மாசூமா, ஏன் இண்டைக்கு?" என்று மட்டும் கேட்டேன்.

"இண்டைக்கு அவங்கள் நல்லவங்களா இருக்க வேணும்" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. அவள் தொடர்ந்தாள். கணக்குப் படிப்பிக்கும் ஆசிரியை அவள். வகுப்பில் படிப்பிக்கிற குரலிலேயே சொன்னாள்.

"புதுசா வந்தவங்கள், துக்கம் அனுட்டிக்கலாம், ஒருத்தரும் தொட மாட்டம் எண்டு அறிவிச்சிருக்கிறாங்கள். துக்க மண்டபங்களுக்குத் தங்கட பெரியவங்களை அனுப்புறாங்கள். எல்லா இடமும் கமரா. உலகம் பாக்குது. இண்டைக்குக் கறுப்பு உடுத்த ஒரு பொம்பிளையைச் சென்ரியில நிப்பாட்டி அடிச்சா அது அவங்களுக்கே இழுக்கு. நாளைக்குக் கமரா போயிடும். நாளைக்கு நான் வெறும் பொம்பிளை."

ரெசா பொறுக்காமல் கத்தினான்: "குண்டு?"

"குண்டு வைக்கிறவன் கூட்டத்தைத் தேடுவான். நான் கூட்டத்துக்குள்ள போகேல்ல. எல்லாரும் உள்ளுக்கு வருவினம், நான் வெளிப்பக்கமா நடப்பன்."

"பையோட உன்னை விடுவாங்களா?"

"பை இல்லை. சர்பத் கொண்டு போறன்."

முஹர்ரம் பத்தில் அவர்கள் தெருவில் நின்று போவோர் வருவோருக்கெல்லாம் சர்பத்தும் சாப்பாடும் கொடுப்பார்கள். முன்னொரு காலத்தில் இதே நாளில் தண்ணீர் மறுக்கப்பட்டுத் தாகத்தோடு கொல்லப்பட்ட நபியின் பேரனுடைய நினைவாக. குடிக்கிறவன் யார் என்று கேட்பது வழக்கமில்லை. ஒரு பெரிய வாளி, மேலே மூடி, ஒரு கரண்டி, சில கிண்ணங்கள். மகள் கிண்ணங்களைக் கொண்டு வருவாள், மகன் தாயின் கறுப்புச் சால்வையைப் பிடித்துக்கொள்வான். வீதியில் நின்று நின்று கொடுத்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, சாவடிக்கு வந்து, அங்கே துவக்கோடு நிற்பவர்களுக்கும் கொடுத்து, அப்படியே அந்தப் பக்கம் போய்விடுவது. இரண்டாவது சாவடி தாண்டினால் ஒரு டாக்ஸிக்காரன் நிற்பான்.

"அவங்கள் வாங்கிக் குடிப்பாங்களோ?" என்று கேட்டேன். ஷியாக்களின் கையால் தண்ணீர் வாங்காதவர்களும் அவர்களுக்குள் இருந்தார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

"குடிச்சா நான் விருந்து குடுத்தவள். குடிக்காட்டி, நான் இன்னும் குடுத்து முடியாதவள். ரெண்டிலயும் எனக்கு அங்க நிக்க ஒரு காரணம் இருக்கு."

படைகள் விட்டுவிட்டு ஓடுகிற நகரத்தில், பெரிய பெரிய நாடுகளின் தூதரகங்கள் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிற நேரத்தில், இந்தப் பெண் உட்கார்ந்து எதிரியின் மனதை ஒரு கணக்கைப் போலச் செய்து பார்த்திருக்கிறாள்! எங்கள் ஊரில் படை போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு இருந்துதான் தப்பினோம். அதையே புத்திமதியாகச் சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. மட்டக்களப்பு வேறு, காபூல் வேறு என்று அவளுடைய நிதானம் எனக்குச் சொல்லிவிட்டது. எங்கள் ஆட்களுக்கு இது ஒரு வியாதி, பிள்ளைகளே. நாங்களும் பட்டவர்கள் என்ற எண்ணத்தில், பட்ட எல்லாருக்கும் எங்கள் மருந்தையே கொடுக்கப் பார்ப்போம்.

உரைபெயர்ப்பாளர் இடையில் இல்லாமல் ரெசாவே சொல்லியிருந்தால், "போகத்தான் போறாளாம், பிடிவாதம்" என்ற இரண்டு சொல்தான் எனக்கு வந்திருக்கும். அவனைக் குறை சொல்லவில்லை. பயந்தவன் காதில் அவ்வளவுதான் விழும்.

ரெசா என்னைப் பார்த்தான். நான் சொல்லப் போகிற பொய்க்காக இன்னும் காத்திருந்தான். "அரசாங்கம் ஒண்டும் சொல்லேல்ல, மாசூமா" என்றேன். "வாசலுக்கு வரச் சொன்ன செய்தி இன்னும் மாறேல்ல. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

"அது போதும்" என்றாள். பிறகு கணவனிடம், "ரெசா, போனை நிப்பாட்டப் போறன். நீ கோல் எடுத்துக்கொண்டு இருக்காதை. சென்ரியில மணி அடிக்கக் கூடாது" என்றாள். அவ்வளவுதான், போன் செத்துவிட்டது.

அவன் என்னை மன்னிக்கவில்லை. "நீங்கள் சொல்லியிருக்கலாம்" என்று மட்டும் சொன்னான். நடந்தோம். அந்தப் பார்க்கை எத்தனை முறை சுற்றினோம் என்று எனக்குத் தெரியாது. நாய் நடத்துகிறவர்கள் கையசைத்துவிட்டுப் போனார்கள். அவர்களுக்கு நாங்கள் உடற்பயிற்சி செய்கிற ஒரு அன்ரியும் பொடியனும். நான் பிழை செய்துவிட்டேனோ, அந்தப் பொய்யைச் சொல்லியிருக்க வேண்டுமோ என்று ஒவ்வொரு சுற்றிலும் நெஞ்சு கேட்டது. அவளுக்கு ஏதாவது நடந்தால் இந்த முகத்தை நான் வாழ்நாள் முழுக்கப் பார்க்க வேண்டுமே என்றிருந்தது. இந்த வேலையில் சரியாகச் செய்தோம் என்ற தைரியம் அந்த நேரத்தில் வரவே வராது. அது வரும் என்று காத்திருக்காதீர்கள்.

அனுமதித்த நேரம் முடிந்து வீட்டுக்கு வந்தேன். குசினிக் கதிரையில் போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். என் மனிசன் ஒன்றும் கேட்காமல் தேத்தண்ணி வைத்துவிட்டுப் போனார். பொழுது மங்குகிற நேரத்தில் ரெசா அழைத்தான். பேசவில்லை. அழுகிற சத்தம் மட்டும்.

"சொல்லு ரெசா. என்ன? சொல்லன்!"

"டாக்ஸிக்குள்ள" என்றான். "மூண்டு பேரும். டாக்ஸிக்குள்ள."

விமான நிலைய வாசலில் அவர்கள் பட்டது தனிக் கதை, அதை இங்கே எழுத மாட்டேன். விமானம் ஏறினார்கள், தனிமைப்படுத்தும் ஹோட்டலில் இருந்தார்கள், பிறகு நோபல் பார்க்குக்கு வந்தார்கள். மகன் முதல் நாள் தகப்பனை "மாமா" என்று கூப்பிட்டான் என்று ரெசா சிரித்துச் சிரித்து எல்லாரிடமும் சொல்லித் திரிந்தான்.

ஊரடங்கு முடிந்து சில மாதங்களில் என்னைத் தேத்தண்ணிக்கு அழைத்தார்கள். ரெசா ஏதோ பொரிக்கிறேன் என்று குசினிக்குள் போனான். மாசூமா கதவைப் பார்த்துவிட்டு, போனில் உரைபெயர்ப்பாளரைக் கூப்பிடச் சொல்லிச் சைகை காட்டினாள். அதே பெண்தான் வந்தார். மாசூமா தாழ்ந்த குரலில் பேசினாள்.

"முதல் சென்ரியில நிண்டவன் சர்பத் குடிக்கேல்ல. வாளியைத் திறந்து பாத்தான். மூடினான். பிறகு குனிஞ்சு என்ர மகன்ர சேட்டுக் கழுத்தைப் பிடிச்சு விலத்திப் பாத்தான். உள்ளுக்கு இன்னொரு சேட். அதுக்குள்ள இன்னொண்டு. பை கொண்டு போக ஏலாது எண்டு பிள்ளையளுக்கு இருந்த உடுப்பெல்லாத்தையும் மேல மேல போட்டு விட்டிருந்தன். ஆகஸ்ட் வெயில். பிள்ளைக்கு வேர்த்து ஒழுகுது. அவனுக்கு விளங்கிட்டுது."

நான் போனை அவள் பக்கம் இன்னும் நகர்த்தி வைத்தேன்.

"என்ர கணக்கு முடிஞ்சுது எண்டு நினைச்சன். அவன் என்ர மகன்ர சேட்டுப் பட்டனை மேல் வரைக்கும் தன்ர கையாலயே பூட்டினான். பூட்டிக்கொண்டு மெதுவாச் சொன்னான்..."

போனில் உரைபெயர்ப்பாளரின் குரல் நின்றுவிட்டது. அவரோடு எத்தனையோ ஆண்டுகள் வேலை செய்திருக்கிறேன். மரணச் செய்திகளைக்கூடத் தடுமாறாமல் சொன்னவர். அவர் மூச்செடுக்கிற சத்தம் கேட்டது. பிறகு சொன்னார்.

"'அடுத்த சென்ரியில நிக்கிறவன் என்ர தம்பி. உடுப்புக் கழுத்தைப் பார் எண்டு அவனுக்குச் சொல்லிக் குடுத்தவன் நான்தான். இவன்ர பட்டனைத் திறக்க விடாதை.'"

அத்தனை துல்லியமாக எதிரியைக் கணித்தவள், கமராவுக்குப் பயப்படுவான் என்று கணித்தவள், இதை மட்டும் கணிக்கவில்லை. அங்கே கமரா இல்லை. யாரும் பார்க்கவில்லை. அவன் அதைச் செய்ய ஒரு காரணமும் இல்லை. என்னால் இன்றைக்கும் அதைத் தாண்டிப் போக முடியவில்லை.

"ரெசாவுக்குச் சொல்லேல்ல" என்றாள் மாசூமா. "அவன்ர அண்ணனைச் சாகடிச்சவங்கள் இவங்கள் எண்டுதான் அவன் நினைக்கிறவன். இதைச் சொன்னா, செத்த அண்ணனுக்குத் துரோகம் மாதிரி இருக்குமோ எண்டு பயம். சொல்லவோ, விடவோ?"

நான் வாய் திறக்குமுன் ரெசா பொரித்த தட்டோடு கதவில் நின்றான். எவ்வளவு கேட்டான் என்று தெரியவில்லை. என்ன என்று மனைவியைக் கேட்டான். அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு தங்கள் மொழியில் முதலிலிருந்து கடைசிவரை சொன்னாள். போனில் உரைபெயர்ப்பாளர் வழக்கம் மாறாமல் அதையும் எனக்கு உரைபெயர்த்துக்கொண்டே இருந்தார்.

ரெசா தட்டை மேசையில் வைத்தான். மகனைக் கூப்பிட்டான். பொடியன் ஓடி வந்தான். ரெசா அவனுடைய சேட்டின் மேல் பட்டனைத் தொட்டபடி வெகு நேரம் நின்றான். நான் அவன் கத்துவான் என்று நினைத்தேன். எழுந்து போய்விடலாமா என்றுகூடப் பார்த்தேன்.

"அந்த மனுசன்ர பேர் என்ன?" என்று கேட்டான்.

"கேக்கேல்ல" என்றாள் மாசூமா.

"கேட்டிருக்கலாம்" என்றான் ரெசா. "பேர் தெரிஞ்சா தொழுகையில சொல்லலாம்."